டுசல்டார்ஃபிலிருந்து அக்காவுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

நம் ஆண்டவராகிய இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஸ்தோத்திரம். நான் இங்கே ஜெர்மனியில் சுகம். நீங்களும் எல்லாரும் அங்கே சுகமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன் என்று வழக்கம்போல எழுத இந்தத் தடவை கை வரவில்லை. நீ சுகமாக இல்லை என்பது எனக்குத் தெரியும். போனில் சொன்னால் "சரி சரி, பார்த்துக்கலாம்" என்று பேச்சை மாற்றிவிடுவாய். கடிதமாக எழுதினால் முழுசாகப் படிப்பாய். அதனால்தான் எழுதுகிறேன்.

அம்மா எல்லாவற்றையும் சொன்னார்கள். மாமாவோடு வண்டியில் ஏற்காடு போய் வந்த அன்றைக்கு சைலன்சர் பட்டு உன் கணுக்காலுக்கு மேலே தோல் வெந்திருக்கிறது. ராத்திரி அம்மா பார்த்துச் சொல்கிறவரை உனக்கே தெரியவில்லை. "வலிக்கவே இல்லை, ஆண்டவர் காப்பாத்தினார்" என்று நீ சபையில் சாட்சி சொன்னாயாம். அக்கா, வலிக்கவில்லை என்றதுதான் என் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. சைலன்சர் சுட்டால் யாருக்கும் வலிக்க வேண்டும். வருஷக்கணக்காகக் கட்டுக்குள் வராத சர்க்கரை காலில் உள்ள நரம்புகளை மெதுவாகக் கெடுத்துவிடும். முதலில் மதமதப்பு, அப்புறம் செருப்பு கழன்று விழுந்தால்கூடத் தெரியாது. கல் குத்தினாலும் கொப்புளம் வந்தாலும் தெரியாமல் அதன் மேலேயே நடப்பார்கள். புண் ஆழமாகி எலும்பைத் தொட்ட பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வருவார்கள்.

என் வார்டில் பாதி வேலை இந்தக் கால்களோடுதான். சாக்ஸைக் கழற்றி, விரல் இடுக்கு ஒவ்வொன்றையும் விரித்துப் பார்த்து, வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, ஈரம் இல்லாமல் ஒற்றி எடுக்க வேண்டும். குதிகாலில் வெடிப்பு இருந்தால் களிம்பு. விரல் இடுக்கில் மட்டும் களிம்பு போடக் கூடாது, ஊறிப்போய்விடும். கால் பராமரிப்புக்கென்றே படித்தவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். சர்க்கரையால் கால் கெட்டவர்களுக்கு டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தால் இன்சூரன்ஸிலேயே அவர்களிடம் போகலாம். நகம் வெட்டுவதற்கு ஒரு படிப்பா என்று நீ சிரிப்பாய். அந்த நகத்தைத் தப்பாக வெட்டித்தான் விரலை இழந்தவர்களைத் தினமும் பார்க்கிறேன்.

போன மாதம் ஒரு வயதான அம்மா வந்திருந்தார். வாழ்நாள் முழுக்க மற்றவர்களைப் பார்த்துக்கொண்டவர், கணவர், மாமியார், பேரப்பிள்ளைகள் என்று. நான் தண்ணீர்ப் பாத்திரத்தோடு கட்டிலருகில் போனதும் காலைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். "உங்களுக்கு வேறு வேலை இருக்கும், எனக்காக வேண்டாம்" என்றார். எனக்கு அங்கேயே உன் முகம் தெரிந்தது. கடைசி இராப்போஜன வேளையில் ஆண்டவர் கால் கழுவ வந்தபோது பேதுருவும் அப்படித்தானே சொன்னான், நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவப்படாது என்று? அதற்கு ஆண்டவர், "நான் உன்னைக் கழுவாவிட்டால் என்னிடத்தில் உனக்குப் பங்கில்லை" என்று எவ்வளவு கண்டிப்பாகச் சொல்கிறார். பெரிய வியாழன் ஆராதனைக்கு ஒவ்வொரு வருஷமும் அந்த அதிகாரத்தை வாசிக்கிறோம். பிறர் காலைக் கழுவ வேண்டும் என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறோம். நம் காலை நீட்ட வேண்டும் என்றும் அதே அதிகாரம்தான் கேட்கிறது. உனக்கு முதலாவது கஷ்டமே இல்லை. இரண்டாவதுதான் உன்னால் முடியவில்லை.

இங்கே வேலை எப்படி என்று பிள்ளைகள் கேட்டார்கள் அல்லவா, அதையும் சொல்கிறேன். காலை ஆறு மணி ஷிப்ட் என்றால் குளிர்காலத்தில் நல்ல இருட்டில்தான் டிராம் ஏற வேண்டும். விடிய ஏழரை, எட்டு ஆகிவிடும். ஆனால் ஆறு மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தால் அரை மணி நேரமும், ஒன்பது மணி நேரத்துக்கு மேல் போனால் முக்கால் மணி நேரமும் இடைவேளை கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம். ஒரு ஷிப்ட் முடிந்தால் அடுத்ததுக்கு நடுவில் 11 மணி நேர ஓய்வு. ஆஸ்பத்திரிகளில் அதில் ஒரு மணி நேரம் குறைக்கலாம், பிறகு அதை ஈடுகட்ட வேண்டும். எல்லா நாளும் இது ஒழுங்காக நடக்கும் என்று சொல்ல மாட்டேன், இங்கேயும் நர்ஸ்கள் பற்றாக்குறைதான். இருந்தாலும் ஒரு நாள் வார்டே தலைகீழாகக் கிடந்தபோது எங்கள் மூத்த நர்ஸ் வந்து என் கையிலிருந்த டிரேயை வாங்கிக்கொண்டு, "போய்ச் சாப்பிடு, பெல் அடித்தால் நான் போகிறேன்" என்றார். நான் தயங்கினேன். "பசியோடு மருந்து அளக்கிறவளிடம் என் நோயாளியை விட மாட்டேன்" என்றார். சாப்பாட்டு அறையில் உட்கார்ந்து தயிர்சாதத்தைப் பிரித்தபோது மாற்கு ஆறாம் அதிகாரம் ஞாபகம் வந்தது. வருகிறவர்களும் போகிறவர்களும் அநேகராயிருந்து, சீஷர்களுக்குச் சாப்பிடவும் சமயமில்லாதபோது, தனித்துச் சற்றே இளைப்பாறப் போவோம் வாருங்கள் என்று கூப்பிட்டவர் ஆண்டவர்தானே. அவரிடமே ஊழியம் பெற வந்த ஜனங்கள் அத்தனை பேரும் வெளியில் நிற்கிறார்கள், அக்கா. அப்போதும் கூப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை இங்கே கடைகள் மூடியிருக்கும். பேக்கரி, ஸ்டேஷன் கடை மாதிரி சிலது தவிர மற்ற எல்லாம் அடைப்பு. ஞாயிறும் பண்டிகை நாட்களும் வேலை ஓய்வுக்கும் ஆத்துமா உயர்வுக்குமான நாட்கள் என்று 1919-இல் அரசியல் சாசனத்திலேயே எழுதி, 1949-இல் புதிய சாசனம் வந்தபோதும் அப்படியே வைத்துக்கொண்டார்களாம். கோயிலுக்குப் போகிறவர்கள் குறைந்துவிட்ட நாடு இது, அதில் எனக்கு வருத்தம் உண்டு. சேலம் அஸ்தம்பட்டியில் நாம் விசுவாசத்தோடு இருக்கிறோம், ஆனால் உன் ஞாயிறைப் பார். விடியற்காலையில் சமையல், ஞாயிறு பள்ளி, ஆராதனை, பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம், சாயங்காலம் பெரியாஸ்பத்திரியில் நோயாளிகள் சந்திப்பு, வீட்டுக்கு வந்தால் விருந்தாளிகள். ஓய்வுநாளை ஆசரிக்கச் சொல்கிற நாலாம் கற்பனையை அதிகமாக மீறுகிறவள் நம் குடும்பத்திலேயே நீதான் என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதே, யோசித்துப் பார்.

ஒரு லீவு நாளில் கைசர்ஸ்வெர்ட் போய் வந்தேன். ரைன் ஆற்றங்கரையில், எங்கள் ஊரின் வடக்குப் பகுதியில், டிராமிலேயே போய்விடலாம். 1836-இல் ஃபிளீட்னர் என்ற போதகர் அங்கேதான் டீக்கனஸ் சகோதரிகளுக்கான, அதாவது நோயாளிகளைப் பராமரிக்கிற ஊழியப் பெண்களுக்கான, வீட்டை ஆரம்பித்தார். ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல் 1851-இல் வந்து பயிற்சி பெற்றதும் அங்கேதான். அந்தச் சகோதரிகளுக்குச் சம்பளம் கிடையாது, கைச்செலவுக்குக் கொஞ்சம் பணம், அவ்வளவுதான். ஆனால் நோய்வாய்ப்பட்டாலும் வயதானாலும் கடைசிவரை அந்தச் சகோதரிகள் வீடே பார்த்துக்கொள்ளும் என்பது ஏற்பாடு. ஊழியம் செய்கிறவர்களின் உடம்பும் யாரோ ஒருவர் பொறுப்பு என்று அன்றைக்கே யோசித்திருக்கிறார்கள். நம் சபையில் உன்னைப் பார்த்து யாராவது "மாத்திரை போட்டீங்களா சிஸ்டர்" என்று கேட்டது உண்டா? "நம்ம சிஸ்டர் ஓயாம ஓடுவாங்க" என்று புகழ்வதோடு சரி.

அப்பா எஸ்டேட்டில் மேஸ்திரியாக இருந்தபோது சொல்வாரே, நிழல் இல்லாத காபிச் செடி அளவுக்கு மீறிக் காய்க்கும், பார்க்கிறவன் ஆஹா என்பான், அடுத்த வருஷம் கொப்பு கொப்பாகக் காய்ந்துபோகும் என்று. அதற்காகத்தான் சில்வர் ஓக் மரத்தை நட்டு, மிளகுக் கொடியை ஏற்றிவிட்டு, அறுவடை முடிந்ததும் கவாத்து செய்வார்கள். செடியைப் பற்றி அத்தனை தெரிந்த அப்பா தன் பிரஷர் மாத்திரையை மட்டும் வாரத்துக்கு நாலு நாள் மறந்தார். உனக்கும் அந்தக் குணம் வந்துவிட்டது.

நீ என்ன வசனம் சொல்வாய் என்று எனக்குத் தெரியும். சரீர முயற்சி அற்ப பிரயோஜனமுள்ளது. சரி. அந்த நிருபத்தை இன்னும் ஒரு அதிகாரம் தள்ளிப் படி. தீமோத்தேயுவின் வயிற்றுக்கும், அடிக்கடி வருகிற பலவீனங்களுக்கும் என்ன குடிக்க வேண்டும் என்று அதே பவுல் ஒரு வீட்டு டாக்டர் போல எழுதுகிறார். சரீரம் பரிசுத்த ஆவியின் ஆலயம், நீங்கள் உங்களுடையவர்களல்ல, கிரயத்துக்குக் கொள்ளப்பட்டவர்கள் என்று கொரிந்தியருக்கு எழுதினவரும் அவர்தான். உன் கால் உன்னுடையது அல்ல அக்கா. அதைப் புண்ணாக விட உனக்கு அதிகாரம் இல்லை. ஆண்டவர் எடுக்கச் சொன்ன சிலுவையில் மாத்திரை போடாமல் இருப்பது சேராது.

உபவாச விஷயம்தான் எனக்கு ரொம்பப் பயம். ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்கள் வரப்போகின்றன. போன வருஷம் சாயங்காலம்வரை தண்ணீர் மட்டும் குடித்து, ஜெபத்தில் கை நடுங்கி வேர்த்து உட்கார்ந்துவிட்டாய் என்று மாமா சொன்னார். நீ போடுகிற கிளிமிபிரைடு மாத்திரை, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் சர்க்கரையை இறக்கும். 70-க்குக் கீழே போனால் நடுக்கம், வேர்வை, கண் இருட்டல், இன்னும் இறங்கினால் நினைவு தப்பும். உபவாசத்துக்கு நான் விரோதி இல்லை. டாக்டரிடம் கேட்காமல் ஒரு வேளை சாப்பாட்டையும் விடாதே, மாத்திரையையும் நீயாக நிறுத்தாதே. இங்கே சபைகளில் லெந்து ஏழு வாரத்துக்கு அவரவருக்குப் பிடித்த ஏதாவது ஒன்றை விடுவார்கள், சிலர் சாக்லேட், சிலர் மது, சிலர் ஒரு கெட்ட பழக்கம். நீ ராத்திரி பதினொரு மணிவரை சபைக் கணக்கு எழுதுவதை விடு. தமக்குப் பிரியமானவனுக்கு நித்திரை அளிக்கிறவரிடம் அதை வாங்கிக்கொள். எனக்குத் தெரிந்து உனக்கு அதைவிடக் கஷ்டமான உபவாசம் இல்லை.

மனசைப் பற்றியும் ஒன்று கேட்க வேண்டும். அப்பா போன பிறகு நீ அழவே இல்லை. அடக்க ஆராதனை, சாப்பாடு, வந்தவர்களுக்குப் படுக்கை என்று எல்லாம் நீதான். என் வார்டில் ஒருவர் இறந்த ராத்திரி, ஆஸ்பத்திரிப் போதகர் நர்ஸ்களிடமும் வந்து உட்கார்ந்தார். அவருடைய வேலையில் நாங்களும் அடக்கம். அவர் பிரசங்கம் ஒன்றும் பண்ணவில்லை. தேநீர் ஊற்றிக் கொடுத்தார், நான் அப்பாவைப் பற்றிப் பேசினேன், பேசப்பேச அழுகை வந்தது. நம் ஊரில் மனம் சோர்ந்தது என்றால் விசுவாசக் குறைவு என்பார்கள். எலியா சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே என்று சாவைக் கேட்டபோது தூதன் அவனைக் கடிந்துகொண்டானா? தூங்கவிட்டான், தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடியும் தூங்கவிட்டான். ஆயரம்மாவிடமாவது மனசு விட்டுப் பேசு. அவர்களிடம் கூச்சமாக இருந்தால் எனக்கு எந்த நேரமும் போன் பண்ணு.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். வெந்த இடத்தில் பேஸ்ட், மஞ்சள், எண்ணெய் எதுவும் போடாமல் இந்த வாரமே டாக்டரிடம் காட்டு. கடையில் நீயாக மருந்து வாங்காதே. மூன்று மாதச் சர்க்கரை பரிசோதனையைச் செய். சிறுநீரகம், கண் இரண்டையும் வருஷத்துக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும். பாதத்தில் மெல்லிய நைலான் இழையை வைத்து உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கிற பரிசோதனை உண்டு, அதையும் கேள். ராத்திரி படுக்கும் முன் அடிப்பாதத்தைக் கண்ணாடியில் பார், முடியாவிட்டால் பெரியவளைப் பார்க்கச் சொல். வீட்டுக்குள்ளும் செருப்பு போடு. கோயிலில் செருப்பைக் கழற்றினால் சாக்ஸோடு நட, ஆண்டவர் தப்பாக நினைக்க மாட்டார். அம்மாவுக்கு மாத்திரை கொண்டுவருகிற மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்துப் பணியாளரிடம் உன் பெயரையும் எழுதச் சொல். 2021-இல் அந்தத் திட்டம் வந்ததே பிரஷர், சர்க்கரை உள்ளவர்களுக்காகத்தான், உனக்கு என்ன வெட்கம்?

தெரிந்த பெண் ஒருத்தி ஊருக்கு வருகிறாள். அவளிடம் உனக்கு மிருதுவான செருப்பும் தையல் உறுத்தாத சாக்ஸும் கொடுத்தனுப்புகிறேன். அளவு சரியா என்று போட்டுப் பார்த்துச் சொல். சாயங்காலம் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்போது போட்டுப் பார். திரும்பி வரும்போது அவளிடம் தட்டுவடையும் நம் எஸ்டேட் பக்கத்துக் காபித்தூளும் கொடுத்துவிடு, சிக்கரி வேண்டாம். ரிப்போர்ட் வந்ததும் போட்டோ எடுத்து அனுப்பு, அதைப் பார்க்காமல் நான் விட மாட்டேன்.

மாமாவுக்கும் அம்மாவுக்கும் என் ஸ்தோத்திரம், பிள்ளைகளுக்கு முத்தங்கள்.

உன் அன்புத் தங்கச்சி