மூன்று நாள் கழித்துத் திரை எரிந்தது

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. நாங்களே அசெம்பிள் செய்த மகளின் கம்ப்யூட்டர் ஓடுகிறதா என்று கடைசி வரியில் கேட்டிருந்தாயே, அதற்கு முதலில் பதில்: ஓடுகிறது. ஆனால் முதல் தடவை ஸ்விட்சை அழுத்தியதிலிருந்து திரையில் வெளிச்சம் வர மூன்று நாள் ஆயிற்று. அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது, இப்போது காலண்டரில் இருக்கும் சின்ன எழுத்தைக்கூடப் படிக்கிறார். உன் முழங்கால் வலி பற்றி நீ ஒரு வார்த்தையும் எழுதவில்லை, அடுத்த கடிதத்தில் மறக்காதே.

அடுத்த மாதம் நீயும் சொந்தமாக அசெம்பிள் செய்யப் போவதாக எழுதியிருப்பதால் நடந்ததை விரிவாகவே சொல்கிறேன்.

எல்லாவற்றையும் பூட்டி முடித்ததும் மகள்தான் ஸ்விட்சை அழுத்தினாள். ஃபேன்கள் கால் சுற்று சுற்றி நின்றுவிட்டன. மறுபடி அழுத்தினால் அந்த அசைவுகூட இல்லை. பின்பக்கம் இருக்கும் எஸ்எம்பிஎஸ்ஸின் (எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் தரும் பெட்டி) ஸ்விட்சை அணைத்து, சற்றுப் பொறுத்துப் போட்டால் மீண்டும் அதே கால் சுற்று. அவள் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. பகுதிநேர வேலை பார்த்து அவள் சேர்த்த பணம் அது. பிராசசரைப் பொருத்தும்போது நான்தான் ஏதாவது பின்னை வளைத்துவிட்டேனோ என்று அன்றிரவு சரியாகத் தூங்கவில்லை.

முதல் நாள் கையில் கிடைத்ததையெல்லாம் மாற்றினேன். ராமை, அதாவது நினைவகத் துண்டை, கழற்றி வேறு இடத்தில் போட்டேன், கிராபிக்ஸ் கார்டை எடுத்தேன், கேபிள்களைப் பிடுங்கிச் செருகினேன், எல்லாம் ஒரே நேரத்தில். இரவில் யோசித்தால் எதை மாற்றியதால் என்ன ஆனது என்று எனக்கே தெரியவில்லை. அப்போதுதான் விடுதியில் உன் டேப் ரிக்கார்டரைப் பிரித்தது நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு ஸ்க்ரூவும் எங்கிருந்து வந்தது என்று நீ ஒரு தாளில் படம் போட்டு வைத்தாய், நான்தான் அவசரப்பட்டேன். மறுநாள் காலையில் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம், விளைவை எழுதிய பிறகுதான் அடுத்தது.

முதலில் பிராசசருக்கு மின்சாரம் தரும் 8 பின் கேபிள். எல்லாப் பாகங்களும் பொருந்தும் மதர்போர்டுக்கு மின்சாரம் தரும் 24 பின் கேபிளைச் செருகியதும் வேலை முடிந்தது என்று நினைத்து இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். எனக்கு அது சரியாகவே இருந்தது. அடுத்து ஸ்விட்ச். கேபினட் ஸ்விட்சின் வயரைக் கழற்றிவிட்டு, மதர்போர்டில் அது செருகும் இரண்டு பின்களையும் ஸ்க்ரூ டிரைவர் முனையால் ஒரு நொடி தொட்டேன். அதே கால் சுற்று. ஆக, ஸ்விட்ச் மேல் குற்றமில்லை.

பிறகு எஸ்எம்பிஎஸ். அதை எல்லாவற்றிலிருந்தும் கழற்றி, மின்சாரத்தை நிறுத்தி, 24 பின் கனெக்டரில் 16ஆவது பின்னையும் ஒரு கிரவுண்ட் பின்னையும் பேப்பர் கிளிப்பால் இணைத்த பிறகே ஸ்விட்ச் போட்டேன். பழைய எஸ்எம்பிஎஸ்களில் அந்த 16ஆவது வயர் பச்சையாக இருக்கும். இப்போது எல்லாம் கறுப்பு என்பதால் எண்ணித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஃபேன் நிற்காமல் சுற்றியது. எஸ்எம்பிஎஸ்ஸுக்கு உயிர் இருக்கிறது என்று தெரிந்ததில் பாதி பாரம் இறங்கியது.

அப்புறம் மதர்போர்டையே கேபினட்டிலிருந்து வெளியே எடுத்தேன். அது வந்த அட்டைப்பெட்டியின் மேலேயே வைத்து, பிராசசர், கூலர், ஒரே ஒரு ராம், அவ்வளவுதான். பின்களைத் தொட்டதும் ஃபேன் சுற்ற ஆரம்பித்து, நிற்கவே இல்லை! நானும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அப்படியானால் கோளாறு போர்டில் இல்லை, கேபினட்டில்.

டார்ச் அடித்துப் பார்த்தேன். மதர்போர்டைத் தகட்டில் படாமல் உயர்த்திப் பிடிக்கச் சின்னச் சின்னப் பித்தளைத் தாங்கிகள் இருக்குமே, அவற்றை முழு ஏடிஎக்ஸ் என்ற பெரிய அளவுப் போர்டுக்கு ஏற்றபடி முன்கூட்டியே திருகி அனுப்பியிருந்தார்கள். அந்தப் போர்டின் அளவு 305 x 244 மில்லிமீட்டர். எங்களுடையது மைக்ரோ ஏடிஎக்ஸ், 244 x 244. அதில் துளையே இல்லாத ஒரு இடத்தில் ஒரு தாங்கி நின்று, போர்டின் பின்புறச் சால்டரைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஷார்ட் ஆனால் எஸ்எம்பிஎஸ் தன்னைத் தானே நிறுத்திப் பூட்டிக்கொள்ளும், பல எஸ்எம்பிஎஸ்களில் மின்சாரத்தை முழுதாக அணைத்தால்தான் அந்தப் பூட்டு விலகும். ஸ்விட்சை அணைத்துப் போட்டால் மட்டும் அந்தக் கால் சுற்று வந்ததன் காரணம் அப்போதுதான் புரிந்தது. முதல் நாளே அது சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

அந்தத் தாங்கியைக் கழற்றி, எல்லாவற்றையும் மறுபடி பூட்டினோம். ஃபேன்கள் சுற்றின, விளக்குகள் எரிந்தன, ஆனால் திரை கறுப்பு. மானிட்டர் கேபிள் கிராபிக்ஸ் கார்டில்தான் இருந்தது. போர்டின் ஓரத்தில் பிராசசர், ராம், கிராபிக்ஸ், பூட் என்று நான்கு குட்டி விளக்குகள் உண்டு, எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று காட்ட. அதில் ராம் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. ஒரு நிமிடம் பார்ப்பேன், அணைப்பேன், ராமை மாற்றிப் போடுவேன், மறுபடி ஒரு நிமிடம். அன்று இரவு வரை இதுதான்.

மூன்றாம் நாள் மகள்தான் போர்டுடன் வந்த கையேட்டைப் பொறுமையாகப் படித்தாள். எங்களுடைய டிடிஆர்5 வகை ராம் முதல் முறை இயங்கும்போது, அதற்குப் பொருந்தும் நேர அளவுகளையும் மின்னழுத்தத்தையும் போர்டு தானாகவே சோதித்துக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்குப் பல நிமிடம் ஆகலாம், அதுவரை திரை கறுப்பாகத்தான் இருக்கும். நான் நடுவில் அணைத்த ஒவ்வொரு தடவையும் அது முதலிலிருந்து தொடங்கியிருக்கிறது. ராம் இரண்டையும் போர்டு சொல்லும் ஏ2, பி2 இடங்களில் போட்டுவிட்டு, "அப்பா, தொடாதீங்க" என்று சொல்லி என்னை எழுந்து போகச் சொன்னாள். நான் அம்மாவுக்குக் கண் சொட்டு மருந்து போட்டுக்கொண்டிருந்தபோது உள்ளே இருந்து அவள் கத்தியது கேட்டது. கம்ப்யூட்டர் தொடங்கும்போது முதலில் வரும் பயாஸ் திரை வந்திருந்தது. அடுத்த தடவையிலிருந்து சில விநாடிகளிலேயே வந்துவிடுகிறது.

இப்போது உன் விஷயம். பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிள்கள் நன்றாக இருக்கின்றன, அவற்றையே புதியதில் செருகிக்கொள்வேன் என்று எழுதியிருக்கிறாய். தயவுசெய்து வேண்டாம். கழற்றி மாட்டும் கேபிள்களில் போர்டுப் பக்கம்தான் ஒரே மாதிரி. எஸ்எம்பிஎஸ் பக்கம் எந்தப் பின்னில் எந்த வோல்ட் என்பது மாடலுக்கு மாடல் மாறும், சில சமயம் ஒரே கம்பெனிக்குள்ளேயே மாறும். கச்சிதமாகப் பொருந்தும், ஆனால் 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய் ஹார்டு டிஸ்க் கருகிவிடலாம். உன் பழைய புகைப்படங்கள் எல்லாம் அதில்தானே இருக்கின்றன? புதிய எஸ்எம்பிஎஸ் பெட்டியில் வரும் கேபிள்களை மட்டும் பயன்படுத்து. கேபினட் வாங்கியதும் உள்ளே எத்தனை தாங்கி இருக்கிறது, எங்கெங்கே இருக்கிறது என்று ஒரு படம் எடுத்து, போர்டின் மாடலோடு எனக்கு அனுப்பு. நானும் மகளும் பார்த்துச் சொன்ன பிறகு பூட்டலாம்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்