டைனோசர் படப்புத்தகம் போடும் பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பதிப்பாசிரியர்களே, ஓவியர்களே,

வணக்கம். என் மகள் டைனோசர் புத்தகத்தைப் பக்கம் கிழியும்வரை புரட்டுகிறவள். போன வாரம் ஒரு படத்தின்மேல் விரலை வைத்து, “இது ரெண்டும் எங்கே சண்டை போட்டுச்சு?” என்று கேட்டாள். டைரனோசரஸும் கார்னோடாரஸும் ஒன்றன்மேல் ஒன்று பாயும் படம். கண்களுக்கு மேலே குட்டையான இரண்டு கொம்பு, இருக்கிற இடமே தெரியாத குட்டிக் கை என்று கார்னோடாரஸை நன்றாகவே வரைந்திருந்தார்கள். ஆனால் அது திரிந்தது இன்றைய அர்ஜென்டினாவில். டைரனோசரஸோ வட அமெரிக்காவின் மேற்கே. இரண்டும் சந்திக்க வழியே இல்லை.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். ஒவ்வொரு டைனோசருக்கும் பக்கத்தில் அது வாழ்ந்த காலத்து உலக வரைபடத்தைப் போடுங்கள். இன்றைய வரைபடம் போதாது. அன்று கண்டங்கள் இருந்த இடமே வேறு.

சுமார் 23 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்கள் தலைகாட்டியபோது நிலம் முழுக்க பாஞ்சியா என்ற ஒரே கண்டமாக ஒட்டிக் கிடந்தது. நடந்தே எங்கும் போகலாம். அதனால்தான் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் கிடைத்த சீலோஃபைசிஸ் என்ற டைனோசரின் எலும்பும் ஜிம்பாப்வேயில் கிடைத்த அதன் உறவின் எலும்பும் அவ்வளவு ஒத்திருக்கின்றன. இரண்டையும் ஒரே பேரினத்தில் வைத்த ஆய்வாளர்களும் உண்டு.

அப்புறம் நிலம் பிளந்தது. தெற்கே கோண்டுவானா என்ற பெருங்கண்டமும் துண்டு துண்டாகப் பிரிந்தது. ஒவ்வொரு துண்டிலும் மாட்டிக்கொண்ட கூட்டம் தன் போக்கில் மாறியது. வடக்கே ஆசியாவிலும் மேற்கு அமெரிக்காவிலும் டைரனோசர்கள் கோலோச்சின. இரண்டுக்கும் இடையே அவ்வப்போது நிலப்பாலம் இருந்ததால் மங்கோலியாவின் டார்போசரஸ் டைரனோசரஸின் தம்பி மாதிரியே இருக்கும். தெற்கே அந்த இடத்தைப் பிடித்தவை அபெலிசாரிட்கள் என்ற ஊனுண்ணி டைனோசர்கள்: அர்ஜென்டினாவில் கார்னோடாரஸ், மடகாஸ்கரில் மஜுங்காசரஸ், குஜராத்தில் ராஜாசரஸ். இன்றைய வரைபடத்தில் இவை கடல் கடந்த அந்நியர்கள். பழைய வரைபடத்தை விரித்தால் பங்காளிகள். எனக்கு இதைவிடச் சுவையான டைனோசர் கதை கிடையாது. அதைத்தான் உங்கள் புத்தகங்கள் சொல்லாமல் விடுகின்றன.

பக்கம் கூடும், செலவாகும் என்பது புரிகிறது. சரி, மூலையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு வரைபடம் இருந்தாலே போதும். அடுத்த பதிப்பில் அந்தச் சண்டைப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள்.

மகளுக்கு நானே ஒரு தாளில் வரைந்து காட்டினேன். இரண்டுக்கும் நடுவே கடலுக்கு நீலம் தீட்டியது அவள்தான்.

அன்புடன்,
ஒரு வாசகர்