சாலைப் பணிக்கும் பட்டம் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலூர் மாவட்டம் அணைக்கட்டு வட்டத்தில், ஜவ்வாது மலையடிவாரத்தை ஒட்டிய ஊர்களுக்கு 31 ஆண்டுகள் சைக்கிளில் தபால் கொண்டுபோய்ச் சேர்த்தவன் நான். எந்தச் சாலை எந்த இடத்தில் எந்த மாதம் உடையும் என்பது எனக்கு மனப்பாடம். அது ஆண்டுதோறும் அதே இடத்தில், அதே மாதத்தில்தான் உடைகிறது என்பதே அதற்குக் காரணம். கிராமச் சாலைகள் பழுதாவதைவிட, அவற்றைப் பழுதுபார்க்க நாம் தேர்ந்தெடுக்கும் காலம்தான் என்னை உறுத்துகிறது.

ஒரு கார்த்திகை மாதத்தில் எங்கள் ஊரையும் பேருந்துச் சாலையையும் இணைக்கும் வழியில் நடந்த ஒட்டுவேலையை அருகில் நின்று பார்த்தேன். முதல் நாள் பெய்த மழைநீர் பள்ளத்தில் நின்றது. பணியாளர் ஒருவர் அதைத் துடைப்பத்தால் வாரி வெளியே தள்ளினார். இன்னொருவர் தார் கலந்த ஜல்லியைக் கொட்டி, மண்வெட்டியின் முதுகால் இரண்டு தட்டுத் தட்டினார். ரோலர் வரவில்லை. மூன்றாம் நாள் அந்த ஜல்லி முழுவதும் பெயர்ந்து சாலை நெடுகச் சிதறிக் கிடந்தது. பள்ளமாவது கண்ணுக்குத் தெரியும். சிதறிய ஜல்லியோ வளைவில் திரும்பும்போது சக்கரத்தை வாரிவிடும். அதிகாலையில் பால் கேனோடு வந்தவர் அங்கேதான் விழுந்து முழங்கையை முறித்துக்கொண்டார். பொறுப்பான அலுவலகத்தில் கேட்டபோது, நிதி இப்போதுதான் வந்தது என்றார்கள். வேலை செய்தவர்களை நான் குறை சொல்லவில்லை. ஈரக் கல்லில் தார் பிடிக்காது என்பது அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

சாலையைக் கெடுப்பது வண்டிச் சக்கரம் மட்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். கரும்பு டிராக்டரும் டிப்பர் லாரியும் செய்யும் சேதத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அவற்றுக்கு வழிவிட்டுக் கொடுப்பது தண்ணீர். மேற்பரப்பில் விழும் மயிரிழை வெடிப்பு வழியே நீர் இறங்கி, அடியிலுள்ள ஜல்லிப் படுகையை இளக்கிவிடுகிறது. அதன் மேல் சுமை ஏறும்போது சேறு பிதுங்கி வெளியே வர, மேலே இருக்கும் தார் உட்கார்ந்து பள்ளமாகிறது. ஆகவே சாலையின் ஆயுள் அதன் ஓரத்து வடிகாலிலும் சிறுபாலத்துக் குழாயிலும் இருக்கிறது. எங்கள் ஊர் எல்லையிலுள்ள சிறுபாலத்தைக் குனிந்து பார்த்தால், குழாயின் வாயில் சீமைக்கருவேல முள்ளும் உரச் சாக்கும் பிளாஸ்டிக் பையும் முக்கால் பங்கு அடைத்திருக்கும். நீர் அடியில் போக வழியின்றி சாலையின் மேலேறி ஓடுகிறது. ஒவ்வோர் ஆண்டும் அதே இருபதடி தூரம் அரித்துக்கொண்டு போகிறது. அந்தக் குழாயைத் தூர்வார இரண்டு ஆட்களின் ஒரு நாள் கூலி போதும்.

பருவமழை முன்னெச்சரிக்கை என்றாலே ஐப்பசி, கார்த்திகையை மனத்தில் வைத்துச் செப்டம்பரில் கூட்டம் போடுகிறார்கள். சென்னைக்கு அது சரியாக இருக்கலாம். வேலூரின் மழைக்கணக்கு வேறு. இங்கே வடகிழக்குப் பருவமழைக்குக் குறையாமல் தென்மேற்குப் பருவ மாதங்களிலும் மழை உண்டு. ஆவணி, புரட்டாசி மாலைகளில் பகல் முழுதும் வெயில் கொளுத்திவிட்டு இடியோடு கொட்டும் மழை எங்களுக்குப் பழக்கமானது. செப்டம்பரில் கூட்டம் நடக்கும்போதே எங்கள் சாலையில் பாதி கரைந்திருக்கும். ஆடிப்பட்டம் தவறினால் விதைக்கத் தயங்கும் நாம், சாலைக்கும் ஒரு பட்டம் உண்டு என்பதை மறந்துவிட்டோம். தை முதல் சித்திரை வரை மண் காய்ந்திருக்கும் காலமே தார் வேலைக்கு உரியது. வடிகாலும் குழாயும் ஆடி பிறக்கும் முன்பே சுத்தமாகிவிட வேண்டும்.

தரைப்பாலங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மலையில் பெய்யும் மழை எங்கள் ஊரில் தெரியாது. தலைக்கு மேல் வெயில் அடிக்கும்போதே ஓடையில் செந்நீர் இரைந்து வரும். முழங்கால் அளவுதானே என்று வண்டியை இறக்குபவர்களை ஓடும் நீர் சாய்த்துவிடுகிறது; அடியில் பாலத்தின் ஓரம் அரிக்கப்பட்டிருந்தால் அது மேலிருந்து தெரியவும் தெரியாது. 2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்தபோது இம்மாவட்டத்தில் தரைப்பாலங்கள் மூழ்கி ஊர்கள் துண்டிக்கப்பட்டதை யாரும் மறந்திருக்க முடியாது. அதற்குப் பிறகும், எத்தனை அடி தண்ணீர் ஓடுகிறது என்று காட்டும் அளவுக்கல்லோ, பாலத்தின் இரு விளிம்பையும் காட்டும் வெள்ளைக் கற்களோ எங்கள் பகுதித் தரைப்பாலங்களில் நான் கண்டதில்லை. உயர்மட்டப் பாலம் கட்ட ஆண்டுகள் ஆகலாம். நான்கு கற்களை நட்டு வெள்ளை அடிக்க ஒரு வாரம் ஆகாது.

2023 மே மாதம் அல்லேரி மலைப் பகுதியில் பாம்பு கடித்து இறந்த குழந்தையின் உடலை, சாலை இல்லாததால் பெற்ற தாயே சுமந்து நடக்க நேர்ந்ததை நாடே பார்த்தது. அங்கே அப்போது சாலை இல்லை. எங்களுக்குச் சாலை உண்டு. ஆனால் மழைக்காலத்தில் 108 வாகனம் பேருந்துச் சாலையிலேயே நின்று, நோயாளியை அங்கே கொண்டுவரச் சொல்லும் நாட்களும் உண்டு.

யாரிடம் முறையிடுவது என்பதே இங்கு பாதிப் பிரச்சினை. நெடுஞ்சாலைத் துறை 2023இல் தொடங்கிய ‘நம்ம சாலை’ செயலியில் படத்தோடு புகார் செய்தால், மாநில நெடுஞ்சாலைப் பள்ளங்களை 24 மணி நேரத்திலும், மாவட்டச் சாலைப் பள்ளங்களை 72 மணி நேரத்திலும் சரிசெய்வதாக அறிவித்தார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது அத்துறையின் சாலைகளுக்கு மட்டும். ஊராட்சி, ஊராட்சி ஒன்றியச் சாலைகளில் நடமாடும் எங்களுக்கு அது உதவாது. எது யாருடைய சாலை என்று பொதுமக்களுக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு கிராமச் சாலையின் தொடக்கத்திலும் அதைப் பராமரிப்பது யார், எந்த எண்ணில் அழைக்கலாம் என்று எழுதிய பலகை ஒன்று வேண்டும். சாலை போட்டபோது வைத்த பலகைகள் சில ஊர்களில் இருக்கின்றன. அவற்றில் எழுத்துதான் இல்லை.

புதிதாகச் சட்டமோ குழுவோ தேவையில்லை. கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. ஜனவரி 26 கூட்டத்துக்கு முந்தைய வாரம் வார்டு உறுப்பினர்கள் சாலையை நடந்தே பார்த்து, மழை விட்டுச்சென்ற சேதம் கண்ணில் நிற்கும்போதே பட்டியல் எழுதட்டும். மார்ச் 22 கூட்டத்தில் மதிப்பீட்டை வாசிக்கட்டும். மே 1 அன்று முடிந்த வேலையைச் சபையே நேரில் பார்க்கட்டும். முடியாதவற்றுக்குக் காரணத்தைத் தீர்மானப் புத்தகத்தில் பதியட்டும். குடிநீர்க் குழாய்க்காகத் தோண்டி மண்ணால் மட்டும் மூடிய பள்ளங்களும் அந்தப் பட்டியலில் இடம்பெற வேண்டும்.

எங்கள் பக்கத்துத் தவறையும் மறைப்பதற்கில்லை. வீட்டு வாசலுக்கு வண்டி ஏற்ற வடிகாலை மூடிச் சாய்தளம் போட்டவர்களில் என் உறவினர்களும் உண்டு. ஒன்றின்மேல் ஒன்றாகத் தார் போட்டு வாசற்படியைவிடச் சாலை உயர்ந்துபோனதால் அப்படிச் செய்ததாக அவர்கள் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும் அடியில் ஒரு குழாயாவது போட்டிருக்கலாம். என் வீட்டு வாசலில் இருந்த சாய்தளத்தைச் சென்ற மாதம் உடைத்து, குழாய் பதித்துவிட்டேன். அடுத்த நான்கு வீடுகளுக்கு ஊராட்சி அறிவிப்புக் கொடுத்தால், நீர் ஓடைவரை தடையின்றிப் போய்விடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராமத் தபால்காரர்,
அணைக்கட்டு வட்டம், வேலூர் மாவட்டம்.