கடலூர் தென்பகுதிக்கு ஆம்புலன்ஸ் நிலையம்: நிலம் பார்க்கும் முன் நேரம் பாருங்கள்

மாவட்ட ஆட்சியர், மாநகராட்சி ஆணையர், மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநர் ஆகியோருக்கு,

வணக்கம். ஆம்புலன்ஸ் ஓட்டியும் அதில் நோயாளிகளைக் கவனித்தும் பழகியவர்கள் சேர்ந்து எழுதுகிறோம். கெடிலம் ஆற்றுக்குத் தெற்கே முதுநகர், சிப்காட் தொழிற்பேட்டை, மீனவர் கிராமங்கள் ஆகியவற்றை மனதில் வைத்து ஒரு நிலையம் அமைக்க வேண்டும். காலி அரசு நிலம் எங்கே கிடக்கிறது என்று தேடி, கிடைத்த இடத்தில் ஷெட் போடுவது சுலபம்தான். ஆனால் அந்த இடம் நோயாளிக்குப் பக்கத்தில் இருக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

இதயத்துடிப்பு நின்றவருக்கு நெஞ்சை அழுத்தும் முதலுதவியும் மின் அதிர்ச்சியும் கிடைக்காமல் போகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை 7 முதல் 10 சதவீதம் குறைக்கிறது. ஊருக்குள் சராசரி 30 கி.மீ. வேகம் என்றால் 8 நிமிடத்தில் வண்டி 4 கி.மீ. போகும், அவ்வளவுதான். வரைபடத்தில் 4 கி.மீ. வட்டம் போட்டு, எல்லாம் உள்ளே வந்துவிட்டது என்று சொல்லிவிடக் கூடாது. வட்டத்துக்கு ஆறும் தெரியாது, ரயில்வே கேட்டும் தெரியாது. அரசு தலைமை மருத்துவமனை கெடிலத்துக்கு வடக்கே இருக்கிறது. அங்கிருந்து தெற்கே வரும் வண்டி அண்ணா பாலத்தையோ கம்மியம்பேட்டைப் பாலத்தையோ நம்பித்தான் வர வேண்டும். உப்பனாற்றுக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள சிங்காரத்தோப்பு கண்ணுக்குக் கிட்டத்தில் தெரியும், சாலை வழியே போனால்தான் தூரம் புரியும்.

ஆகவே முதல் வேலை 108 அழைப்புப் பதிவுகளை எடுப்பது. கடந்த 12 மாத அழைப்புகளை இடவாரியாகவும் மணிவாரியாகவும் பிரித்து வரைபடத்தில் புள்ளி வையுங்கள். பிறகு பரிசீலனையில் உள்ள ஒவ்வொரு இடத்திலிருந்தும் உண்மையான வண்டியை, நோயாளி இல்லாமல், காலை 9 மணிக்கும் மாலை 6 மணிக்கும் நள்ளிரவு 2 மணிக்கும் ஓட்டிப் பாருங்கள். மூன்றில் மிக மெதுவான ஓட்டம்தான் கணக்கு. சராசரி எடுத்தால் நள்ளிரவின் வேகம் காலை நெரிசலை மறைத்துவிடும். மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் நடக்கும் விடியற்காலையில் ஐஸ் வண்டிகளும் மீன் வண்டிகளும் நிற்கும்போது ஒருமுறை ஓட்டாமல் முதுநகரில் எந்த இடத்தையும் இறுதி செய்யாதீர்கள். பாடலீஸ்வரர் கோயில் மாடவீதிகள் வைகாசித் தேருக்கு அடைபடும். மாசி மகத்தன்று தேவனாம்பட்டினம் சாலையில் வண்டி நகராது. இந்த இரண்டு வழிகளையும் விட்டால் வேறு வழியில்லாத இடம் வேண்டாம்.

சிப்காட் வளாகத்துக்குள்ளேயே நிலம் தருவதாகச் சொன்னால் தயவுசெய்து மறுத்துவிடுங்கள். ரசாயன ஆலையில் வாயு கசிந்தால் முதலில் வெளியேற்ற வேண்டியது ஆம்புலன்ஸ் ஊழியர்களையே என்றாகிவிடும். பகலில் கடற்காற்று, இரவில் நிலக்காற்று என்று இங்கே காற்று திசை மாறுவதால், ஆலைக்கு எந்தப் பக்கமும் நிரந்தரமாகப் பத்திரம் கிடையாது. முதுநகர்ப் பக்கமாக விலகி நின்று, சிப்காட்டை இரண்டு வழிகளில் அணுக முடிகிற இடமே சரி.

வெள்ளத்தை 2015-லும், ஃபெஞ்சல் புயல் மழையோடு சாத்தனூர் அணை நீரும் வந்த 2024 டிசம்பரிலும் பார்த்துவிட்டோம். அக்கம்பக்கத்து வீட்டுச் சுவர்களில் நீர் நின்ற கறையை அளந்து, தரைமட்டத்தை அதற்கு மேல் 2 அடியாவது உயர்த்துங்கள். கட்டடம் உயர்ந்து, எதிர்ச் சாலை முழங்கால் நீரில் கிடந்தால் பயனில்லை. சாலையின் மட்டத்தையும் சேர்த்தே அளக்க வேண்டும்.

மனைக்குள் வண்டி ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேற வேண்டும். பின்னோக்கி எடுத்துத் திருப்பும் அமைப்பு ஒவ்வொரு அழைப்பிலும் நேரத்தைத் தின்னும். ஒரு வண்டிக்கு 30 அடி நீளம், 15 அடி அகலம், வாயிலில் 12 அடி உயரம் விடுங்கள். வாசல் எதிரே பஸ் நிறுத்தமோ ஆட்டோ ஸ்டாண்டோ இருக்கக் கூடாது. ஆக்சிஜன் சிலிண்டர்களை நிழலில் நிமிர்த்தி, சங்கிலி போட்டு வைக்க வேண்டும். எண்ணெயும் கிரீசும் புழங்கும் மூலையில் வைத்தால் தீ அபாயம். 1,500 லிட்டர் கொள்ளும் பி டைப் சிலிண்டர், நிமிடத்துக்கு 10 லிட்டர் என்றால் இரண்டரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும், எனவே மாற்றுச் சிலிண்டர்களுக்கும் இடம் ஒதுக்குங்கள். பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கை நிறுத்தும் ஆக்சிடோசின் ஊசிக்கு 2 முதல் 8 டிகிரி குளிர் வேண்டும். கடலூர் மே மாதத்தில் மின்தடையும் சேர்ந்தால் ஊசி வீரியம் இழக்கும், ஃபிரிட்ஜோடு இன்வெர்ட்டரும் கட்டாயம். அதே இன்வெர்ட்டரில், இதயத்துக்கு மின் அதிர்ச்சி தரும் டிஃபிப்ரிலேட்டரும் தொண்டை அடைப்பை உறிஞ்சி எடுக்கும் சக்ஷன் கருவியும் சார்ஜ் ஆகும். ரத்தக்கறையைக் கழுவிய நீர் மழைநீர் வடிகாலில் கலக்காதபடி தனிக் குழாய் போடுங்கள். மருத்துவக் கழிவை 48 மணி நேரத்துக்குள் ஒப்படைக்க வேண்டும் என்பதால் கழிவு வண்டி வந்துபோகும் வழியும் தேவை. 12 மணி நேரப் பணியில் பெண் ஊழியர்களும் இருப்பார்கள். அவர்களுக்குத் தாழிடக்கூடிய தனிக் கழிப்பறையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாதீர்கள்.

சைரன் சத்தத்துக்கு அக்கம்பக்கத்தார் பயப்படுவது நியாயமே. பிரதான சாலையைத் தொட்ட பிறகே சைரன் போடுவது என்று எழுத்தில் உறுதி கொடுத்துவிட்டால் அது தீரும்.

நிலமாற்றக் கோப்பு நகர்வதற்கு முன் இந்த ஓட்டங்களை நடத்தி, நிமிடக் கணக்கைப் பொதுமக்கள் பார்வைக்கு வையுங்கள். வண்டியில் வந்து நேரம் குறிக்க நாங்கள் தயாராக இருக்கிறோம்.