வெட்சியைப் பூக்க விடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

எங்கள் புளோக்கைச் சுற்றி வேலியாக நட்டிருக்கும் வெட்சியை, அதாவது நம்மில் பலர் இட்லிப்பூ என்று சொல்லும் இக்ஸோராவை, ஏன் இப்படி ஓயாமல் வெட்டுகிறார்கள் என்று யாராவது விளக்கினால் தேவலை. இந்தச் செடி கிளை நுனியில்தான் பூக்கும். மொட்டு திரளும் நேரத்தில் இயந்திரத்தை வைத்து மேலே சமமாகச் சீவிவிட்டால் அப்புறம் பூ எங்கிருந்து வரும்? மிஞ்சுவது பச்சைச் சுவர்தான். நடைபாதையை ஒட்டிய செடிகளில் இளம் இலைகள் வேறு மஞ்சளடித்து, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிகிறது. புளிப்பு மண்ணைக் கேட்கும் செடிக்குச் சிமெண்டிலிருந்து இறங்கும் சுண்ணாம்பு ஆகாது, வேரால் இரும்புச் சத்தை எடுக்க முடியாமல் போகும்.

சிவப்பு வெட்சி தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இயல்பாக வளர்வது. அந்தக் காலத்தில் ஆநிரை கவரப் போன வீரர்கள் சூடியது, முருகனுக்கும் உகந்தது. ஆரஞ்சு நிறத்தில் பெரிய கொத்தாகப் பூக்கும் அதன் உறவுச் செடி ஒன்று சிங்கப்பூர்க் காட்டிலும் இயல்பாக வளர்வது. பூவின் குழாய் ஊசி போல நீளம், தேன் அதன் அடியில், அதனால் வண்ணத்துப்பூச்சிகளுக்குக் கொண்டாட்டம், தேன்சிட்டும் வரும்.

வெட்டத்தான் வேண்டுமென்றால் கொத்து பூத்து வாடிய பிறகு வெட்டட்டும். வேலி கொஞ்சம் ஏறுக்குமாறாக இருந்தால்தான் என்ன?

ஒரு வாசகி,
ஈசூன்