எதிர்வீட்டு டவரும் உன் காதோரப் போனும்

அன்பு மகளுக்கு,

எதிர்வீட்டு மொட்டைமாடியில் செல்போன் டவர் போட்டதிலிருந்து கதிர்வீச்சுக்குப் பயந்து ஜன்னலையே திறப்பதில்லை என்றாய். திற அம்மா. ஆன்டெனா அலையைப் பக்கவாட்டில்தான் வீசும். தூரம் இரட்டித்தால் அதன் வலு நாலில் ஒன்றாகக் குறையும். ஆன்டெனாவின் முகம் உன் பால்கனிக்கு நேராக, சில மீட்டருக்குள் இருந்தால் மட்டும் தொலைத்தொடர்புத் துறையின் தரங் சஞ்சார் தளத்தில் கட்டணம் கட்டி அளக்கச் சொல்.

நான் கவலைப்படுவது உன் காதை ஒட்டியிருக்கும் போனைப் பற்றித்தான். அதில் *#07# அழுத்து. 'சார்' அளவு வரும், அதாவது போனின் அலையிலிருந்து உடல் திசு உறிஞ்சும் ஆற்றலின் அளவு. இந்தியாவில் 2012 செப்டம்பர் 1 முதல் வரம்பு கிலோவுக்கு 1.6 வாட், ஒரு கிராம் திசுவில் சராசரியாக. அதற்கு முன் 10 கிராமில் 2 வாட் வரை விட்டிருந்தார்கள். திரையில் வருவது போன் முழு வலுவில் உமிழும்போது அளந்த உச்சம். அதனால் 0.9 போனைவிட 1.2 போன் கெடுதல் என்று அந்த எண்ணை வைத்துச் சொல்லிவிட முடியாது.

அன்றாடம் உன் மேல் படுவதை முடிவு செய்வது சிக்னல். 4ஜி போன் அதிகபட்சம் சுமார் 0.2 வாட் உமிழும். டவர் தெளிவாகக் கிடைத்தால் தானே பல மடங்கு குறைத்துக்கொள்ளும். செட்டிங்ஸில் சிம் ஸ்டேட்டஸ் பார். சிக்னல் வலுவை டிபிஎம் என்ற அளவில் காட்டும். மைனஸ் 80 டிபிஎம் என்றால் நல்லது. மைனஸ் 110 என்றால் வந்து சேரும் சிக்னல் அதில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். போன் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கும். டவரை விரட்டிவிட்டால் நடப்பதும் இதுவே. 'கதிர்வீச்சைத் தடுக்கும்' ஸ்டிக்கரும் உலோக உறையும் ஆன்டெனாவை மறைத்து அதே வேலையைச் செய்யும். வாங்காதே.

2023 செப்டம்பரில் பிரான்ஸ் ஐபோன் 12 விற்பனையை நிறுத்தியது நினைவிருக்கிறதா? கையில் ஒட்டிப் பிடித்து அளந்தபோது சார் கிலோவுக்கு 5.74 வாட், அங்கே கைகால்களுக்கான வரம்பு 4. ஐந்து மில்லிமீட்டர் தள்ளி வைத்து அளந்தபோது வரம்புக்குள்தான் இருந்தது. அந்தச் சின்ன இடைவெளிக்கே அவ்வளவு வித்தியாசம்! பிறகு மென்பொருளை மாற்றிச் சரிசெய்தார்கள்.

இந்த அலை டிஎன்ஏவை உடைக்காது. திசுவைச் சற்றே சூடாக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011இல் 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற 2பி பிரிவில் வைத்தது. சான்று குறைவு என்பதும் அந்த முடிவிலேயே இருக்கிறது. பயம் வேண்டாம், பழக்கத்தை மாற்று. நீண்ட பேச்சுக்கு ஒயர் இயர்போன் போடு. தூங்கும்போது தலையணைக்கு அடியில் போன் வேண்டாம். லிஃப்டிலிருந்தும் தரைக்கீழ் பார்க்கிங்கிலிருந்தும் எங்களைக் கூப்பிடாதே. மேலே வந்ததும் பேசு, காத்திருக்கிறோம்.

அப்பா