ரிமோட் கட்டையை சார்ஜ் போடச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழில் வீட்டுக் குறிப்புகள் பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். டிவி ரிமோட்டில் தீர்ந்துபோன பென்சில் பேட்டரியைத் தூக்கிப் போடாமல், பழைய கேமராவுக்கு வாங்கிய சார்ஜர் இருந்தால் அதில் அரைமணி நேரம் செருகி எடுங்கள், மறுபடி ஓடும், காசு மிச்சம் என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். அதைப் பரிசுக்குரிய குறிப்பு என்று கட்டம் கட்டி வேறு போட்டிருக்கிறீர்கள். என் மனைவி அந்தக் கட்டத்தைக் கத்தரித்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டப் போனாள், பிடுங்கி வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

அந்த அம்மா பொய் எதுவும் சொல்லவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் சொன்னபடி செய்தால் ரிமோட் கொஞ்ச நாள் ஓடத்தான் செய்யும். ஓடாமல் இருந்தால் யாரும் இரண்டாவது தடவை முயற்சி செய்யப் போவதில்லை, எனக்கும் கடிதம் எழுதுகிற வேலை இருந்திருக்காது.

நான் விருதுநகரில் ரேடியோ, டேப்ரெக்கார்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தவன். எங்கள் பக்கம் பேட்டரியைக் கட்டை என்றுதான் சொல்வோம். தீர்ந்த கட்டையை விட மனசு வராதது நமக்குப் புதிதில்லை. டிரான்சிஸ்டர் காலத்தில் பெரிய கட்டைகளை வெயிலில் காயப் போடாத வீடு உண்டா? சில பையன்கள் பல்லால் கடித்துப் பள்ளம் பண்ணிப் போடுவான்கள். வெயிலில் போட்டால் சூட்டுக்கு உள்ளே இருக்கிற ரசாயனம் கொஞ்சம் சுறுசுறுப்பாகும், ஒரு ஒலிச்சித்திரம் கேட்கிற அளவுக்குத் தாங்கும், அவ்வளவுதான். ஆனால் அந்தக் காலத்துக் கட்டையில் வெளியே இருக்கிற துத்தநாகக் குவளையே நெகட்டிவ் முனை, கரண்ட் கொடுக்கக் கொடுக்க அந்தக் குவளைதான் கரையும். கடைசியில் ஓட்டை விழுந்து ரேடியோவுக்குள் ஒழுகும். ஸ்பிரிங் எல்லாம் பச்சை பூத்துப்போய் என் கடைக்கு வந்த செட்டுகளை எண்ணி மாளாது. கரைந்துபோன குவளை சார்ஜரில் போட்டதும் பழைய இடத்திலேயே பழைய மாதிரி வளர்ந்துவிடும் என்று நினைப்பது, தேய்ந்த சோப்பைத் தண்ணீரில் ஊறப்போட்டால் பெரிதாகும் என்று நினைக்கிற மாதிரிதான்.

இப்போது கடையில் கிடைக்கிற இன்னொரு வகை ஆல்கலைன் கட்டை. இதில் குவளை எஃகு, நடுவில் துத்தநாகத் தூள், அதைச் சுற்றி ஒரு மெல்லிய தடுப்புக் காகிதம், அதற்கு வெளியே மாங்கனீஸ் டை ஆக்சைடு என்கிற கறுப்பு. எல்லாவற்றையும் நனைத்துக்கொண்டு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்கிற கடுமையான காரம். இதற்குள் கரண்டைத் திருப்பி விட்டால் இரண்டு காரியம் நடக்கும். திரும்பப் படிகிற துத்தநாகம் சமமாகப் படியாது, ஊசி ஊசியாகக் கிளை விட்டு வளரும், அது தடுப்பைக் குத்திக்கொண்டு மறுபக்கம் போனால் உள்ளுக்குள்ளேயே ஷார்ட். அது ஒன்று. ஹைட்ரஜன் வாயு உண்டாகும், அது இன்னொன்று. ரீசார்ஜ் செய்வதற்கென்றே செய்த நிக்கல் கட்டையில் சார்ஜ் மிஞ்சிப்போனால் வருகிற ஆக்சிஜனை உள்ளேயே திரும்ப உறிஞ்சிக்கொள்கிற மாதிரி அமைத்திருப்பார்கள். ஆல்கலைன் கட்டையில் வருகிற ஹைட்ரஜனுக்கு அப்படி வழி கிடையாது, அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். வெடித்துச் சிதறக் கூடாதே என்று நெகட்டிவ் பக்கத்து சீலில் ஓரிடத்தை வேண்டுமென்றே மெல்லிசாக விட்டிருப்பார்கள், அழுத்தம் தாங்காமல் போனால் அங்கே கிழியும். கிழிந்தால் வருவது வாயு மட்டுமில்லை, காரமும் சேர்ந்து வரும்.

இதை எங்கள் வீட்டிலேயே பார்த்தாயிற்று. மச்சான் தீபாவளிக்குக் குடும்பத்தோடு வந்திருந்தான். அவன் மகனின் ரிமோட் கார் நின்றுபோக, கடைக்குப் போகச் சோம்பல்பட்டு, திருவிழாக் கடையில் வாங்கிய ஒரு சார்ஜரில் நாலு ஆல்கலைன் கட்டையையும் செருகி டிவி மேஜையில் வைத்துவிட்டுப் படுத்துவிட்டான். எனக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் விட்டிருக்க மாட்டேன். ராத்திரி டப்பென்று ஒரு சத்தம். சிவகாசிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு தீபாவளி ராத்திரியில் டப்பென்ற சத்தத்துக்கு யார் எழுந்து பார்ப்பார்கள்? திரும்பிப் படுத்துக்கொண்டோம். காலையில் பார்த்தால் ஒரு கட்டையின் அடிப்பக்கம் பிதுங்கித் திறந்திருக்கிறது, சார்ஜரின் ஸ்பிரிங் மேலே கறுப்புச் சேறும் வெள்ளையாக நுரை காய்ந்த மாதிரியும் ஏதோ ஒன்று, மேஜை வார்னிஷில் ஒரு ரூபாய் அகலத்துக்குத் தோல் உரிந்த மாதிரி ஒரு தடம். மற்ற மூன்றும் பார்வைக்கு நன்றாகவே இருந்தன.

மச்சான் அதை வெறும் விரலால் வழித்துப் பார்த்துவிட்டு, "என்ன மாமா, சோப்பு மாதிரி வழவழங்குது" என்றான். அந்த வழவழப்பே அவன் தோல்தான். காரம் பட்டதும் தோலில் இருக்கிற எண்ணெய்ப் பசையை உண்மையிலேயே சோப்பாக மாற்றும், அதனால்தான் எடுத்த எடுப்பில் எரியக்கூட எரியாது, ஆசிட் மாதிரி சுரீரென்று எச்சரிக்கை கொடுக்காது. குழாயைத் திறந்து கையை வெகுநேரம் தண்ணீரில் காட்ட வைத்தேன், நுனிவிரல் சிவந்ததோடு போயிற்று. அந்தக் கையால் கண்ணைக் கசக்கியிருந்தால் கதையே வேறு. கண்ணில் பட்டால் விடாமல் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும், இருபது நிமிடமாவது, அப்புறம் நேரே கண் டாக்டரிடம் போய்விட வேண்டும். எலுமிச்சம்பழச் சாறு, வினிகர் எல்லாம் ரிமோட்டின் ஸ்பிரிங்கைத் துடைக்கத்தான், கண்ணுக்கும் தோலுக்கும் இல்லை.

வேடிக்கை என்னவென்றால் பிழைத்த மூன்று கட்டைகளையும் மீட்டரில் வைத்துப் பார்த்தேன், ஒன்றரை வோல்ட்டுக்கு மேலேயே காட்டியது. புதுக் கட்டை மாதிரி! மச்சான் முகத்தில் ஒரு வெற்றிச் சிரிப்பு. காரில் போட்டதும் நடு ஹாலைக் கூடத் தாண்டவில்லை, நின்றுவிட்டது. சும்மா இருக்கும்போது காட்டுகிற வோல்ட்டை வைத்து உள்ளே சரக்கு இருக்கிறது என்று சொல்ல முடியாது. ரிமோட்டுக்குத் தேவையோ துளி கரண்ட், அதுவும் பட்டனை அமுக்குகிற நேரத்துக்கு மட்டும். அதனால்தான் உங்கள் வாசகிக்கு ஓடியிருக்கிறது. அப்படி ஓடிக்கொண்டே, சீல் பலவீனமாகிப்போன கட்டை ரிமோட்டுக்குள் உட்கார்ந்து ஒழுக ஆரம்பிக்கும். ஒரு கட்டைக்கு ஆசைப்பட்டு ரிமோட்டே போகும்.

நல்ல சார்ஜராக இருந்தால் கட்டையின் வோல்ட் ஏறுகிற விதத்தைப் பார்த்தே இது நம்ம ஆள் இல்லை என்று நிறுத்திக்கொள்ளும். மலிவு சார்ஜருக்கு அந்த மூளை கிடையாது, செருகினதற்கெல்லாம் கரண்டைத் தள்ளிக்கொண்டே இருக்கும். "அரைமணி நேரம்தானே" என்று குறிப்பில் இருக்கிறது. போட்டுவிட்டு மறந்துபோகாத வீடு எது, சொல்லுங்கள். ஆல்கலைனை ரீசார்ஜ் செய்ய முடியாதா என்று யாராவது எனக்குப் பதில் கடிதம் போடுவார்கள் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். 1990களில் அமெரிக்காவில் அப்படி ஒரு வகை விற்றார்கள், ரேயோவாக் ரினியூவல் என்று பெயர். ஆனால் அது உள்ளமைப்பிலேயே வேறு கட்டை, அதற்கென்று தனி சார்ஜர். நம் கடையில் தொங்குகிற சாதாக் கட்டைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

தெரியாமலே சார்ஜ் போடுகிறவர்களும் உண்டு. மொட்டைமாடித் தொட்டிச் செடிக்கு நடுவில் குத்தி வைக்கிற சோலார் விளக்குக்குள் இருப்பது 1.2 வோல்ட் நிக்கல் கட்டை. அது போனதும் அளவு சரியாக இருக்கிறதே என்று ஆல்கலைனைப் போட்டுவிடுகிறார்கள். அப்புறம் வெயில் அடிக்கிற ஒவ்வொரு நாளும் அதற்குச் சார்ஜ்தான்.

பட்டன் கட்டை இன்னும் மோசம். அதன் மேல் பொறித்திருக்கிற 2032 என்ற எண்ணுக்கு முன்னால் சி.ஆர். என்று இருந்தால் அது மூன்று வோல்ட், லித்தியம் உலோகம், சார்ஜ் ஏற்றவே கூடாது. ஏற்றினால் ஒழுகுவதோடு நிற்காது, வெடிக்கலாம், தீயும் பிடிக்கலாம். எல்.ஐ.ஆர். என்று இருந்தால்தான் ரீசார்ஜ் வகை. அளவு இரண்டுக்கும் ஒன்றே. பக்கத்து வீட்டு இன்ஜினியரிங் பையன் காலேஜ் புராஜெக்ட்டுக்கு ஒரு டிஎஸ்3231 கடிகார போர்டு வாங்கி வந்து காட்டினான். சல்லிசாகக் கிடைக்கிற அந்த நீல நிற போர்டில், 5 வோல்ட் கொடுத்தால் ஒரு டையோடும் 200 ஓம் ரெசிஸ்டரும் வழியாகக் கட்டைக்குச் சார்ஜ் போகிற மாதிரி பாதை போட்டிருக்கிறார்கள், எல்.ஐ.ஆர். கட்டையை மனதில் வைத்து. பையன் அதில் சி.ஆர். கட்டையைச் செருகி வைத்திருந்தான். சார்ஜ் போகிற பாதை அறுந்துபோக அந்த ரெசிஸ்டரைச் சூடு வைத்துக் கழற்றிக் கொடுத்தேன், கடிகாரம் பாட்டுக்கு ஓடுகிறது.

காசு மிச்சம் பிடிக்க வேண்டும் என்றால் எங்கள் வீட்டு வழக்கத்தைச் சொல்கிறேன், இதற்குப் பரிசெல்லாம் வேண்டாம். பொம்மைக் காரில் நின்றுபோன கட்டை செத்த கட்டை இல்லை, மோட்டார் இழுக்கிற கரண்டுக்கு அதால் ஈடு கொடுக்க முடியவில்லை, அவ்வளவுதான். அதை ரிமோட்டில் போடுங்கள். ரிமோட்டும் தடுமாறினால் சுவர்க் கடிகாரத்துக்கு மாற்றுங்கள், அங்கே இன்னும் கொஞ்ச காலம் ஓடும். கடிகாரமும் நின்ற அன்றைக்கே கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் அங்கேயே ஒழுகும். பிள்ளைகளின் பொம்மைக்கு அடிக்கடி வாங்குகிறீர்கள் என்றால் நிக்கல் கட்டை நாலும் ஒழுங்கான சார்ஜர் ஒன்றும் ஒரே தடவை வாங்கிவிடுங்கள், நூற்றுக்கணக்கான தடவை சார்ஜ் தாங்கும். 1.2 வோல்ட், ரீசார்ஜபிள் என்று அதன் மேலேயே இருக்கும். சாதாக் கட்டையின் மேல் டு நாட் ரீசார்ஜ் என்று எறும்பு சைஸ் எழுத்தில் போட்டிருப்பார்கள், என் வயதுக்குக் கண்ணாடி போட்டாலும் தெரிவதில்லை.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அடுத்த இதழில் அதே பக்கத்தில், அதே அளவு கட்டம் கட்டி, அந்தக் குறிப்பைச் செய்ய வேண்டாம் என்று போடுங்கள். கடைசிப் பக்கத்து மூலையில் திருத்தம் என்று இரண்டு வரி போட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள். அந்த அம்மாவிடம் பரிசைத் திருப்பிக் கேட்க வேண்டாம், நல்ல மனசோடுதான் எழுதியிருக்கிறார். முடிந்தால் அந்தப் பணத்தில் ஒரு நிக்கல் செட் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பழைய ரேடியோ மெக்கானிக் ஒருவர்,
விருதுநகர்.